சோறு பிசையும் கையும் ஓர் ஆய்வுக் கேள்விதான்: ஆக்குபேஷனல் தெரபி ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன ஒரு பெரியவரிடம், "உங்களுக்கு எது திரும்பி வரணும்யா?" என்று கேட்டேன். நடக்கணும் என்பார் என்று நினைத்தேன். "ஸ்பூன் வேணாம்மா. கையால சோறு பிசைஞ்சு சாப்பிடணும்" என்றார்.

அன்று என் கையில் இருந்தது பார்த்தெல் அளவுகோல். 1965-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் வெளிவந்தது. அன்றாடச் செயல்கள் பத்தை எடுத்துக்கொண்டு 100-க்கு மதிப்பெண் போடும். சாப்பிடுவதற்கு முழு மதிப்பெண் வாங்க, உணவை வெட்டிக்கொள்ள வேண்டும், உப்பும் மிளகும் போட்டுக்கொள்ள வேண்டும், வெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்று அதன் மூல விளக்கம் சொல்கிறது. எங்கள் வார்டில் யாரும் எதற்கும் வெண்ணெய் தடவுவதில்லை. தட்டில் இருந்ததை ஸ்பூனால் தானே சாப்பிட்டு முடித்த அந்தப் பெரியவருக்கு முழு மதிப்பெண் போட்டேன். அவர் கேட்டது மட்டும் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. நம் ஊரில் செய்யப்படாமல் கிடக்கும் ஆய்வுகளில் பாதி அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி இளநிலைப் படிப்பு) கடைசி வருடத்தில் புராஜெக்ட் என்றதும் வயிறு கலங்குபவர்களுக்கும், எம்.ஓ.டி. (முதுநிலைப் படிப்பு) சேர்ந்து தீசிஸ் தலைப்புத் தேடுபவர்களுக்கும், வேலைக்குச் சேர்ந்தபின் "நான் செய்வது உண்மையிலேயே பலன் தருகிறதா" என்று கேட்கத் தொடங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. "தொழில்வழி சிகிச்சை" என்று பலகை வைத்தால், வேலை வாங்கித் தரும் இடம் என்று நினைத்து வருகிறார்கள். "ஓ.டி." என்றால் ஆபரேஷன் தியேட்டர் என்று பயப்படுகிறார்கள். பல் துலக்குவதிலிருந்து பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது வரை, ஒருவருடைய நாளை நிரப்பும் எல்லாமே இந்தத் துறையில் "தொழில்"தான். விரல் எத்தனை டிகிரி மடங்கியது என்பதோடு நம் கேள்வி நிற்பதில்லை. அந்த விரலை வைத்து அவர் என்ன செய்தார் என்பது வரை போக வேண்டும்.

தொடங்கும் முன்: எங்கிருந்து வந்தோம்

1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் சிலர் கூடி இந்தத் துறைக்கு முதல் சங்கம் அமைத்தார்கள். கூட்டியவர் ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர். காசநோயிலும் இடப்பக்கச் செயலிழப்பிலும் தானே முடங்கி மீண்டவர். வில்லியம் டன்டன் என்ற மனநல மருத்துவர் இருந்தார். இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான எலினர் கிளார்க் ஸ்லாகிள் இருந்தார். நெசவு, தச்சு, தோட்டவேலை இவையெல்லாம் மனிதரைத் தேற்றும் என்று அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். கணக்கில் காட்டும் வழிதான் அப்போது இல்லை.

1947-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி தொடங்கியது. 1961-இல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மேரி ரெய்லி ஒரு புகழ்பெற்ற உரையில், மனமும் உறுதியும் இயக்கும் தன் கைகளால் மனிதன் தன் உடல்நலத்தையே மாற்ற முடியும் என்ற நம்பிக்கையை ஒரு கருதுகோளாக வைத்தார். கருதுகோள் என்றால் சோதித்தாக வேண்டும். ஜீன் ஏயர்ஸ் 1972-இல் புலன் ஒருங்கிணைப்பு (கண், காது, தொடுதல் தரும் தகவல்களை மூளை ஒன்றாக்கிப் பயன்படுத்துவது) பற்றிய நூலை வெளியிட்டார். 1980-இல் கேரி கீல்ஹோஃப்னரும் அவர் குழுவினரும், ஒருவர் ஏன், எப்படிச் செயல்படுகிறார் என்று விளக்கும் மனிதச் செயல்பாட்டு மாதிரியை முன்வைத்தார்கள். 1989-இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் யெர்க்ஸா முதலானோர், மனிதரின் அன்றாடச் செயல்களை ஆராயும் "செயல் அறிவியல்" என்ற தனித் துறையையே தொடங்கினார்கள்.

1997-இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வைப் புதியவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் பிறரைச் சாராமல் வாழும் முதியவர்கள் 361 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோடு ஒன்பது மாதம்: தன் நாளை எப்படி அமைத்துக்கொள்வது, பஸ்ஸில் எப்படிப் போய்வருவது, எந்தச் செயல் தனக்கு உயிரூட்டுகிறது என்று கண்டுபிடிப்பது. இரண்டாவது குழுவுக்குத் தெரபிஸ்ட் இல்லாமல் கூடிப் பேசி, விளையாடி, படம் பார்க்கும் பொழுதுபோக்கு. மூன்றாவதற்கு எதுவும் இல்லை. முடிவில் முதல் குழு உடல்நலத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் மேலே நின்றது. பொழுதுபோக்குக் குழுவோ எதுவும் கிடைக்காத குழுவோடு சமமாக நின்றது. "சும்மா கூட்டி வைத்து எதையாவது செய்ய வைத்தால் போதாதா, அதற்கு ஒரு தெரபிஸ்ட் எதற்கு?" என்று நம்மிடம் இன்றும் கேட்கிறார்களே, அதற்கான பதில் அந்த இரண்டாவது குழுவில் இருக்கிறது. இந்த ஆய்வை வடிவமைத்தவர்களின் கூர்மை அங்கேதான் தெரிகிறது.

இந்தியாவில் கமலா நிம்ப்கர் 1950-இல் மும்பையில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்களின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளை அறுவைசெய்து சரிசெய்தபோதே, அந்தக் கையால் பிறகு என்ன வேலை செய்து பிழைப்பது என்ற கேள்வியும் கூடவே எழுந்துவிட்டது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம் நம்மையும் சேர்த்துக்கொண்டது. சட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சான்றுகளை நாம்தான் சேர்க்க வேண்டும்.

முதல் படி: கேள்வியை வார்டில் பிடியுங்கள்

மாணவர்கள் கொண்டுவரும் தலைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "பக்கவாத நோயாளிகளில் ஆக்குபேஷனல் தெரபியின் பலன்." இது கடல். இதில் இறங்கினால் கரை தெரியாது.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி இரண்டு வாரம் வார்டிலும் ஓ.பி.யிலும் சட்டைப்பையில் வைத்திருங்கள். நோயாளியோ வீட்டாரோ கேட்கும் எதையும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "தரையில உக்காந்து எழுந்திரிக்க முடியல." "ஒத்தக் கையால புடவை கட்ட ஏதாவது வழி இருக்கா?" "இண்டியன் டாய்லெட்டுல எப்படிம்மா உக்கார்றது?" "பள்ளிக்கூட மணி அடிச்சா புள்ள காதைப் பொத்திக்கிட்டு அழுவுது." "அருவா பிடிக்க வருமா?" இரண்டு வாரத்தில் முப்பது வரி சேர்ந்துவிடும். அதில் திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதுதான் உங்கள் தலைப்பு.

பிறகு அந்த வரியை ஐந்து கேள்விகளால் அளவெடுங்கள். யாரிடம்? என்ன செய்து? எதோடு ஒப்பிட்டு? எதை அளந்து? எத்தனை நாளில்? என் பெரியவர் சொன்னதை இப்படி மாற்றலாம். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதமான, வலது விரல்களைக் கொஞ்சமாவது நீட்ட முடிகிறவர்கள். அவர்களுக்கு நிஜச் சோற்றைப் பிசைந்து, உருட்டி, வாய்க்குக் கொண்டுபோகும் பயிற்சி தினம் 30 நிமிடம், 4 வாரம். ஒப்பிட, அதே 30 நிமிடத்தைப் பெக் போர்டிலும் (குச்சி செருகும் துளைப்பலகை) தெரபி பட்டியிலும் (பிசையும் களி) செலவிடும் இன்னொரு குழு. கையால் சாப்பிடும் திறன் எந்தக் குழுவில் கூடுதலாக முன்னேறுகிறது? இதைக் கைடிடம் கொண்டுபோனால் அவர் கேட்க வேண்டியது பாதியாகக் குறைந்திருக்கும்.

இரண்டாம் படி: தேடுங்கள், தேடியதை எழுதி வையுங்கள்

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் இலவசம். அங்கே தொடங்குங்கள். முறைப்படித் தொகுத்த திறனாய்வுகளுக்குக் காக்ரேன் லைப்ரரி. இந்தியத் தரவுக்கு, நம் சங்கத்தின் இதழான இந்தியன் ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி. பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா. ஒரே சொல்லை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். ஸ்ட்ரோக் என்று தேடினால் ஹெமிபிளீஜியா (ஒருபக்கச் செயலிழப்பு) என்று எழுதியவர் கிடைக்கமாட்டார். ஒரே பொருளுள்ள சொற்களை "ஆர்" (OR) போட்டு இணையுங்கள், வெவ்வேறு கருத்துகளை "ஆண்ட்" (AND) போட்டு இணையுங்கள். எந்தத் தேதியில், எந்தச் சொற்களால் தேடினீர்கள், எத்தனை கிடைத்தன, எத்தனை படித்தீர்கள் என்று அன்றன்றே குறித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஆய்வேடு எழுதும்போது இது இல்லாமல் கண்ணீர் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்டால் ஆசிரியருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பலர் மகிழ்ச்சியோடு அனுப்பிவிடுகிறார்கள்.

குழந்தைகள் பக்கம் வேலை செய்பவர்கள், ஆஸ்திரேலிய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அயோனா நோவாக்கும் அவர் குழுவும் 2013-இல் வெளியிட்ட பெருமூளை வாத (செரிப்ரல் பால்ஸி) திறனாய்வைத் தேடிப் படியுங்கள். 64 சிகிச்சைகளைச் சிக்னல் விளக்குபோலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். இலக்கை முன்வைத்த பயிற்சி, இரு கைப் பயிற்சி, வீட்டுப் பயிற்சித் திட்டம் ஆகியவை பச்சை. நாம் கல்லூரியில் பக்தியோடு கற்ற சில முறைகள் சிவப்பில் இருக்கின்றன. முதல் முறை படித்தபோது எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அந்தச் சங்கடத்தைத் தவிர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: கட்டுரையை நடுவிலிருந்து படியுங்கள்

சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் படித்து மேற்கோள் காட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. செய்முறைப் பகுதியை முதலில் படியுங்கள். யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள்? குலுக்கல் உண்டா? அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியுமா? எத்தனை பேர் நடுவில் விட்டுப்போனார்கள்?

எக்ஸைட் என்ற ஆய்வை எடுத்துக்கொள்வோம். 2006-இல் அமெரிக்காவில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேர். நல்ல கைக்கு ஓர் உறையை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் அதை அணியச் சொல்லி, பலவீனமான கையை இரண்டு வாரம் தீவிரமாகப் பழக்கினார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் கை நன்றாக முன்னேறியது. ஓராண்டு கழித்தும் அந்த முன்னேற்றம் நின்றது. சரி, நாளையே வார்டில் ஆரம்பிக்கலாமா? மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு நீட்ட முடிந்தவர்களை மட்டுமே அவர்கள் சேர்த்தார்கள் என்பது செய்முறைப் பகுதியில் இருக்கிறது. அசைவே இல்லாத கைக்கு இந்த முடிவு பொருந்தாது.

இன்னொன்று அந்தக் கட்டுரையில் இருக்காது, நமக்குத்தான் தெரியும். இடது கை பாதிக்கப்பட்டவரின் வலது கையில் உறை மாட்டினால் அவர் இடது கையால் சாப்பிட வேண்டும். கல்யாணப் பந்தியில் இடது கையால் சாப்பிடச் சொன்னால் நம் பாட்டி சாப்பிடாமலே எழுந்துவிடுவார். வலது கை பாதிக்கப்பட்டவர் என்றால் சங்கடம் கழிப்பறையில். குளியலுக்கும் கழிப்பறைக்கும் உறையைக் கழற்ற இந்த முறையில் இடமுண்டு. சாப்பாட்டு நேரத்தை நம் ஊரில் எப்படி மாற்றியமைப்பது? அதுவே ஒரு எம்.ஓ.டி. ஆய்வுக்குப் போதும்.

"பலன் இல்லை" என்று முடிந்த ஆய்வுகளையும் அதே அக்கறையோடு படியுங்கள். பிரிட்டனில் 228 முதியோர் பராமரிப்பு இல்லங்களில், பக்கவாதம் கண்ட 1042 பேரிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. மூன்று மாத ஆக்குபேஷனல் தெரபி பார்த்தெல் மதிப்பெண்ணில் வித்தியாசம் காட்டவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கடுமையாக முடங்கியவர்கள். சிகிச்சை பயனற்றதா, தாமதமாகப் போய்ச் சேர்ந்ததா, அளவுகோல் தவறா? மூன்றையும் உட்கார்ந்து விவாதிக்கலாம். முடிவை மறைக்க மட்டும் யாருக்கும் உரிமையில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமானது அட்டெண்ட் ஆய்வு. இந்தியாவின் 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள், 2017-இல் லான்செட் இதழில் வந்தது. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே மறுவாழ்வுப் பயிற்சி செய்ய வைத்தால் நோயாளி தேறுவாரா என்பது கேள்வி. தெரபிஸ்ட் கிடைக்காத நாட்டில் எவ்வளவு ஆசையான யோசனை! ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து இரு குழுவிலும் நூற்றுக்கு 47 பேர். "வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாப் போதும்" என்று நாம் தினமும் சொல்கிறோமே, அந்த வாக்கியத்தை இந்த 47-ஐ நினைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

நான்காம் படி: உங்கள் கைக்கு அடக்கமான வடிவம்

முதல் ஆய்விலேயே 200 பேரைக் குலுக்கிப் போட நினைக்க வேண்டாம். ஐந்தாறு நோயாளிகளைத் தனித்தனியே பலமுறை அளந்து பார்க்கும் ஒற்றை நேர்வு ஆய்வை ஒழுங்காகச் செய்தால், அதை வெளியிடலாம். நோயாளியின் தாயிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, பதிவுசெய்து, அதிலிருந்து கருத்துகளைப் பிரித்தெடுக்கும் பண்பாய்வும் உண்மையான ஆய்வுதான். ஓர் அளவுகோலை இரண்டு தெரபிஸ்ட்கள் தனித்தனியே பயன்படுத்தினால் ஒரே மதிப்பெண் வருகிறதா என்று பார்ப்பதும் ஆய்வு. இதில்தான் நம் ஊருக்குப் பெரிய பற்றாக்குறை.

ஒப்பீட்டுக் குழு இல்லாமல் "முன்பு 40, பின்பு 65" என்று எழுதுவதில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் முதல் மூன்று மாதத்தில் மூளை தானாகவே நிறைய மீள்கிறது. அந்தக் காலத்தில் எதைக் கொடுத்தாலும் மதிப்பெண் ஏறும். அந்த ஏற்றத்தை நம் சிகிச்சையின் கணக்கில் எழுதிக்கொள்வது நோயாளிக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன். எத்தனை பேர் தேவை என்பதற்குப் புள்ளியியல் தெரிந்தவரைத் தொடக்கத்திலேயே பாருங்கள்.

ஐந்தாம் படி: எதை வைத்து அளப்பது

கனடாவில் 1991-இல் வெளிவந்த சி.ஓ.பி.எம். என்ற கருவி எனக்குப் பிடித்தது. நோயாளியே தனக்கு முக்கியமான செயல்களைச் சொல்வார். எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை தானே மதிப்பெண் தருவார். 2 புள்ளி ஏறினால் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். சோறு பிசைவதும் கோலம் போடுவதும் பூ கட்டுவதும் எந்தத் தடையுமின்றி இதற்குள் வந்துவிடும். ஒரு கஷ்டம்: தனக்குத் தானே மதிப்பெண் போடச் சொன்னால் நம் பெரியவர்கள் "நீங்களே போடுங்கம்மா" என்பார்கள். பத்துப் புளியங்கொட்டைகளை முன்னால் வைத்து, "முழுசா முடிஞ்சா பத்து, இப்ப எவ்வளவு?" என்று எடுத்து வைக்கச் சொல்வேன். சட்டென்று வரும் பதில்.

வெளிநாட்டுக் கருவியைத் தமிழாக்கினால் நீங்களே உட்கார்ந்து ஓர் இரவில் மொழிபெயர்த்துவிடக் கூடாது. முதலில் உரிமையாளரிடம் அனுமதி. இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். விலகும் இடங்களைக் குழுவாக உட்கார்ந்து தீர்த்தபின், பத்துப் பதினைந்து பேரிடம் வாசித்துக் காட்டி, "இதுல என்ன கேக்குறாங்கன்னு உங்களுக்குப் புரியுது?" என்று கேட்க வேண்டும். திருநெல்வேலிக்காரருக்குப் புரிந்தது வடசென்னைக்காரருக்கும் புரிகிறதா என்று பார்ப்பது கூடுதல் வேலைதான், ஆனால் தேவையான வேலை.

ஆறாம் படி: அனுமதி

எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் கையில் வரும் முன் ஒருவரிடமும் தரவு எடுக்கக் கூடாது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளைத் தரவிறக்கி, ஒப்புதல் பற்றிய பகுதியையாவது முழுதாகப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். குழந்தைகள் என்றால் பெற்றோர் சம்மதம் போதாது: 7 முதல் 12 வயது வரை குழந்தையிடம் வாய்மொழிச் சம்மதம், அதற்கு மேல் 18 வரை எழுத்துச் சம்மதம். சிகிச்சை கொடுத்துப் பார்க்கும் ஆய்வென்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-இல் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை. ஆய்வைத் தொடங்கிய பிறகு செய்யும் பதிவை 2018 ஏப்ரல் முதல் அவர்கள் ஏற்பதில்லை.

சம்மதப் படிவத்தை அலுவலகத் தமிழில் எழுதாதீர்கள். உங்கள் அத்தையிடம் வாசித்துக் காட்டுங்கள். "வேண்டாம்னு சொன்னாலும் உங்களுக்கு இங்க கிடைக்கிற வைத்தியம் எதுவும் குறையாது" என்ற வரியை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள். டாக்டர் கேட்டால் மறுக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் நம் மக்கள்.

ஏழாம் படி: தரவு எடுக்கும் மாதங்கள்

அறுவடை வந்தால் நோயாளி வரமாட்டார். தினக்கூலிக்காரர் ஒரு நாள் மருத்துவமனைக்கு வந்தால் அன்றைய வருமானம் போகும். ஆடி, தை மாதங்களையும் பள்ளி விடுமுறையையும் பார்த்து அட்டவணை போடுங்கள். பஸ் கட்டணத்தையாவது பட்ஜெட்டில் எழுதுங்கள். விட்டுப்போனவரை விட்டுப்போனவர் என்றே எழுதுங்கள், காரணத்தோடு. அந்தக் காரணமே சில சமயம் ஆய்வின் பயனுள்ள பகுதியாகிவிடும்.

சிகிச்சை கொடுத்தவரே அளக்கக் கூடாது. தனியாள் வைக்கப் பணமில்லையென்றால் வகுப்புத் தோழியோடு மாற்றிக்கொள்ளுங்கள்: அவருடைய நோயாளிகளை நீங்கள் அளக்க, உங்கள் நோயாளிகளை அவர் அளக்கட்டும். யார் எந்தக் குழு என்று சொல்லிக்கொள்ளாமல்.

எட்டாம் படி: எழுதி, திருப்பிக் கொடுங்கள்

பணம் கட்டினால் நான்கே நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களை நம்பாதீர்கள். இதழ் பப்மெட்டில் இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் தெரிந்த பெயர்கள் உண்டா என்று கைடோடு சேர்ந்து பாருங்கள். முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் அனுப்புங்கள்.

கட்டுரை வந்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கும். ஆய்வில் பங்கெடுத்தவர்களுக்கு ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில், நீங்கள் கண்டது என்ன என்று எழுதிக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு ஃபோனில் சொல்லுங்கள். நான் முதன்முதலில் அப்படி அழைத்தபோது எடுத்தவர் ஒரு பாட்டி. முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் பண்ணதும் அந்தக் கணக்குல இருக்குதா?" என்றார். இருக்கிறது பாட்டி, பதினொன்றாவது ஆள் நீங்கள்தான் என்றேன்.